அதிர்வே இல்லை என்று சொன்ன கை

என் அக்கா புருஷனுக்குத் தொழிற்சாலையில் கைராசி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி மேலாளர் முதல் வாயிற்காவலர் வரை எல்லாருக்கும் அவர் கைராசிதான். நாங்கள் மோட்டார் சைக்கிள் செய்கிறவர்கள். ஒரு வண்டி விற்பனைக்குப் போகும் முன் அதை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே ஆட்கள் உண்டு. அவர்களில் மூத்தவர் இவர். நான் அதே சோதனைப் பட்டறையில் ஃபிட்டர். இவர் சொல்கிற குறையைக் கழற்றிப் பார்ப்பது என் வேலை.

குறை சொல்லச் சம்பளம் கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும் என்று நினைப்பீர்கள். காலையில் கிளம்பி, நெடுஞ்சாலையில் மதியம் வரை ஒரே வேகத்தில் போய், நின்ற இடத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் திரும்பி வர வேண்டும். மழையிலும் அப்படித்தான், பனியிலும் அப்படித்தான். உலகத்தைப் பல தடவை சுற்றுகிற தூரம் ஓட்டியவர் இவர். உருப்படியாக ஓர் ஊரைப் பார்த்ததில்லை.

ஆனால் அந்தக் கை அப்படிப்பட்டது. எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் கைப்பிடி வழியாக அவருக்குத் தெரிந்துவிடும். "இடது பக்கம், கீழ இருக்கறது" என்பார். ஸ்பேனரோடு குனிந்து பார்த்தால் அதேதான் தளர்ந்திருக்கும். வடிவமைப்புப் பிரிவின் தலைவரை நாங்கள் பெரியவர் என்போம். அவர் கைராசியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

வீட்டில் அந்தக் கைக்கு வேலையே கிடையாது. அக்காவின் தோளை அது தொட்டு நான் பார்த்ததில்லை. வருவார், சாப்பிடுவார், படுப்பார். அக்கா ஏதாவது கேட்டால், "நாள் பூரா காத்து இரைச்சல், காது அடைச்சுப் போச்சு" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதே பதில். அவளும் நம்பினாள். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் உண்டு. அதைப் பூசி மெழுகப் போவதில்லை.

தொலைதூரப் பயணத்துக்கென்று ஒரு பெரிய வண்டி செய்யப் பெரியவர் முடிவெடுத்தார். இரட்டை சிலிண்டர் எஞ்சின். ஒரு முறை நிரப்பினால் பகல் முழுக்க ஓடுகிற டேங்க். எதிர்காற்று நெஞ்சில் அறையாமலிருக்க ஏற்றி இறக்குகிற முன்கண்ணாடி. இரு பக்கமும் பூட்டு வைத்த பெட்டிகள், பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ள முதுகுத் திண்டு, குளிரில் விரல் விறைக்காமலிருக்கக் கைப்பிடிக்குள்ளேயே சூடேற்றும் கம்பி. கணவனும் மனைவியும் வாரக்கணக்கில் சேர்ந்து போகிற வண்டி என்று விளம்பரம் எழுதினார்கள். சோதனைக்குப் பின்னிருக்கையில் மணல் மூட்டையைக் கட்டி ஓட்டினார் கைராசி. அந்த மணல் மூட்டை போன தூரத்தில் கால்வாசிகூட என் அக்கா அவரோடு போனதில்லை.

இந்த மாதிரி வண்டி வாங்குகிறவன் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போவான். இரட்டை சிலிண்டர் எஞ்சினோ குலுக்கும். குலுக்கலை அடக்க எஞ்சினுக்குள் எதிர் எடையோடு சுற்றும் தண்டு ஒன்றை வைத்திருந்தோம். அதையும் மீறி வருவது கையை எட்டாமலிருக்க, கைப்பிடிக்கு அடியில் ரப்பர் தாங்கிகள், நுனிகளில் எடைக்கட்டிகள். வண்டியின் எடை கூடிவிட்டது, எதையாவது குறைத்தாக வேண்டும் என்ற பேச்சு வந்தபோது எல்லார் கண்ணும் அந்த ரப்பர் மேலும் கட்டி மேலும் விழுந்தது. அவற்றைக் கழற்றிவிட்டு அளந்தால், கருவி காட்டிய அளவு தேறியும் தேறாமலும் நடுவில் நின்றது.

"மீட்டர் கிடக்கட்டும். கைராசி என்ன சொல்றார்?" என்றார் பெரியவர்.

கைராசி மாமா ஒரு பகல் முழுக்க ஓட்டிவிட்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி, "அதிர்வே இல்ல சார். வெண்ணெய் மாதிரி போகுது" என்றார். ரப்பரும் போயிற்று, கட்டியும் போயிற்று.

வண்டி வெளியே வந்ததுதான் தாமதம், வாங்கியவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். கொஞ்ச தூரம் போனதுமே விரல் மரத்துப்போகிறது, இறங்கி ஒரு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்றார்கள். ஒருவர் கைப்பிடியில் பழைய துண்டைச் சுற்றிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். விற்ற வண்டிகளையெல்லாம் திரும்ப வரவழைத்தோம். கழற்றியவற்றை மறுபடி மாட்டி மாட்டி என் முதுகு ஒடிந்தது.

பெரியவர் மாமாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாட்டிய பாகத்தைக் காட்ட நானும் போயிருந்தேன்.

"உங்க கைக்கு எப்படிங்க இது தப்புச்சு?"

"அன்னைக்குக் கவனம் பத்தல சார்."

கவனக்குறைவு என்றால் திட்டோடு போகும். கையே போய்விட்டது என்றால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். அவர் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் பேசினார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பட்டறையில் அவர் நுழைந்தாலே, "வெண்ணெய் வருது, வழி விடுங்கப்பா" என்று எவனாவது சொல்வான். அவர் காதில் வாங்காத மாதிரி போவார்.

சரிசெய்த வண்டியைப் பெரியவர் அவரிடமே கொடுத்தார். இதிலும் தப்பினால் அவ்வளவுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். நல்ல பனிக்காலம். திரும்பி வந்து கையுறையைக் கழற்றியபோது அவர் உள்ளங்கை சிவந்து, கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் கண்டிருந்தது. கைப்பிடியைத் தொட்ட நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சூட்டுக்கான சுவிட்ச் கெட்டுப்போய், கைப்பிடி கொதித்துக்கொண்டிருந்தது.

"மாமா, சுடலையா?"

"எது?" என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். "யார்கிட்டயும் மூச்சு விடாதடா" என்றார். நான் விடவில்லை. ஆனால் என் பின்னால் நின்ற மேற்பார்வையாளருக்கும் கண் இருந்தது. வீட்டு ஆளையும் கூட்டிக்கொண்டு கம்பெனி டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா மாமாவைக் கண்ணை மூடச் சொன்னார். ஊசி முனை படும்போது சொல்ல வேண்டும் என்றார். அக்காவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசி ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட்டுக்கொண்டே போனது. எல்லா விரலும் முடிந்து ஊசியைக் கீழே வைத்த பிறகு, மாமா கண்ணை மூடியபடியே, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார்.

"பிடிக்கிற பலம் இருக்கு. உணர்ச்சிதான் இல்ல" என்றார் டாக்டர். "அதிர்வு பட்டுப் பட்டு நரம்பு செத்திருக்கு. இது நேத்து இன்னைக்கு வந்ததில்ல. எவ்வளவு நாளா இப்படி?"

"இப்பத்தான், கொஞ்ச நாளா."

டாக்டர் அதை நம்பவில்லை. அக்கா பக்கம் திரும்பினார். "சட்டை பட்டனெல்லாம் அவரே போட்டுக்கறாராம்மா?"

அக்காவுக்கு முகமெல்லாம் வெட்கம். அந்த வெட்கத்தை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் போட்டு விடறேன் டாக்டர். ரெண்டு வருஷம் இருக்கும். காலையில கிளம்பறப்ப எங்கிட்ட வந்து நிப்பார். இப்ப அது எங்களுக்கு ஒரு பழக்கம்."

டாக்டர் எழுதினார், இரண்டு வருஷம் என்று. மாமா வெண்ணெய் என்று சொல்லி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியே மாமாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரிப்பு நின்றது.

வெளியே வந்ததும் மாமா, "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? என் பொழப்பே போச்சு" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். என்னிடம்தான் சொன்னாள். "நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்டா. இத்தனை வருஷம் கழிச்சாவது மனுஷனுக்கு நம்ம மேல பாசம் வந்துச்சேன்னு இருந்தேன். பட்டன மெதுவாத்தான் போடுவேன். இன்னும் கொஞ்சம் கிட்ட நிக்கட்டும்னு."



உண்மையை மறைத்ததற்காகப் பதவியைக் குறைத்து அவரை உதிரிபாகக் கிடங்கில் போட்டார்கள். அந்தக் கையைத் தின்றது எங்கள் வண்டிகள்தான் என்று உத்தரவில் ஒரு சொல் இல்லை. பெரியவர் சுத்தமாகக் கைகழுவிவிட்டார்.

கிடங்கில் சேருவதற்கு முந்தின சாயங்காலம் அக்கா என்னைத் துணிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாமாவின் அளவைச் சொல்லி டி-ஷர்ட் காட்டச் சொன்னாள். கடைக்காரர் காலர் வைத்ததாக ஒன்றைப் பிரித்துப் போட்டு, வேலைக்குப் போட்டுப் போக இதுதான் பார்வையாக இருக்கும் என்றார். கழுத்துக்குக் கீழே அதில் இரண்டு பட்டன் இருந்தது. அக்கா அதைத் தள்ளி வைத்தாள்.

"பட்டனே இல்லாததா குடுங்க" என்றாள்.