வெறும் கயிறு

எங்கள் ஊரில் துணி காயப்போடும் கயிறெல்லாம் கடலைப் பார்த்தபடிதான் கட்டியிருக்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரை இது. அப்போது படகுகளில் ரேடியோ கிடையாது. கரையில் இருக்கும் பெண்கள் சொல்ல வேண்டியதைக் கயிறுதான் சொல்லும். லீண்டர் பார்டி வீட்டுக் கயிற்றின் கோடியில் பச்சைப் போர்வை தனியாகத் தொங்கினால் ‘உடனே வா’ என்று பொருள். அவர் மனைவி டோர்க்கஸ் வைத்த அடையாளம் அது.

டோர்க்கஸ் குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய அக்கா ஜெமிமா வேறு ஊரிலிருந்து வந்து லீண்டருக்குச் சமைத்துப் போட்டாள். நான் அவர் படகில் சிங்கி இறால் கூண்டு இழுப்பவன்.

சீசன் தொடங்கிய புதிதில் ஒருநாள், கூண்டை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே கைவிட்டார். கரையில் பச்சை தெரிந்தது.

“அண்ணே, ஜெமிமாக்கா காயப்போட்டிருக்கும்ணே.”

காதிலேயே வாங்கவில்லை. படகைத் திருப்பிவிட்டார்.

“நாத்தம் புடிச்சுக் கெடந்துச்சு, தொவச்சுப் போட்டேன். அதுக்கு ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்றாள் ஜெமிமா. விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் முகம் வெளிறிவிட்டது. “எடுத்துரட்டுமா?”

“வேணாம் மதினி. கெடக்கட்டும்.”

மறுநாளிலிருந்து அவரே விடியலில் அதைக் கோடியில் மாட்டிவிட்டுத்தான் கடலுக்கு வந்தார். நாள் முழுக்க அது கூப்பிடும், இவர் பார்த்துக்கொண்டே வேலை செய்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

“என்ன கூத்துண்ணே இது?”

“கூப்புட ஆள் இருக்குன்னு நெனச்சுக்கறேன்டா. ஒனக்கென்ன நட்டம்?”

ஜெமிமா விடவில்லை. “நெதமும் தொங்குனா, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆனா நான் எதைக் காட்டிக் கூப்புடறது?”

“எடுத்துருங்க மதினி. கயிறு வெறுமையா இருந்தா வந்துருவேன்.”

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

சீசன் முடியப்போகிற நேரம். அன்று காற்றே இல்லை, கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது. கரையைப் பார்த்தேன். காலையில் தொங்கிய போர்வை இல்லை, கயிறு மட்டும். லீண்டர் அதற்குள் படகைத் திருப்பியிருந்தார்.

கதவைத் திறந்ததும் புகை. ஜெமிமா இடுப்பெலும்பு ஒடிந்து அடுப்பருகே கிடந்தாள். அடுப்பிலிருந்து சிதறிய கங்கு பலகைத் தரையைத் தின்றுகொண்டே வந்து அவள் பாவாடை விளிம்பைப் பிடித்திருந்தது. வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவள் இல்லை.

“நல்லவேளை, போர்வைய எடுத்தீங்க” என்றேன்.

“நான் எங்க எடுத்தேன்? நீங்க கெளம்புன ஒடனே விழுந்தவ. அப்பலேருந்து இங்கயேதான் கெடக்கேன்.”

“காத்துல விழுந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. கயிற்றுக்குக் கீழே புல்தான் இருந்தது. போர்வையில் மாட்டியிருந்த கிளிப்புகள், கயிற்றுக் கம்பத்தில் தொங்கும் கிளிப்புப் பையில் இருந்தன. லீண்டர் கிளிப்பைப் பையில் போடுகிற ஆளில்லை.

போர்வை அவருடைய படுக்கையில் இருந்தது. பனியின் ஈரம் இன்னும் காயவில்லை. நான்கு ஓரமும் உள்ளே போகும்படி மடித்து வைத்திருந்தது. புகையிலிருந்து தூக்கிவந்து அறை வாசலில் கிடத்தியிருந்த ஜெமிமா, படுத்தபடியே அதைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

“அவ மடிக்கிற மாதிரி” என்றாள். “சின்ன வயசுலேருந்தே அப்பிடித்தான் மடிப்பா.”

லீண்டர் போர்வையின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். “கூப்புட்டா, வந்துட்டேன்” என்றார்.

அதன்பிறகு அவர் அதை வெளியே மாட்டவே இல்லை. அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது, எப்போதும் வெறுமையாக. புதிதாக வருகிறவர்களுக்கு அது வெறும் கயிறுதான். நான் படகில் வரும்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பயமாக இருக்கிறது, யாரைக் கூப்பிடுகிறதோ என்று.