சணல் அறுக்க என் பல் கிடையாது

இன்று முதலாளியோடு சண்டை. பெண்ணாடம் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் இடத்தில் பேக்கிங் வேலை எனக்கு. பொம்மையை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, சணலால் கட்ட வேண்டும். கத்திரிக்கோல் கிடையாது. எல்லோரும் பல்லால்தான் அறுப்போம். அப்படி அறுத்து அறுத்தே எனக்கு முன்பல் இரண்டு போய்விட்டது.

போன வாரம் பல்செட் வைத்த டாக்டர் சொன்னார்: "பக்கத்துப் பல்லைப் புடிச்சுதான் இது நிக்குது. அதுவும் ஆடிச்சின்னா செட்டும் நிக்காதும்மா."

அதனால் இன்று கத்திரிக்கோல் கேட்டேன்.

"இத்தினி வருஷமா எதுல அறுத்த? மிச்சப் பல்லு இருக்குதுல்ல, அத வச்சி அறு" என்றார் முதலாளி. பொம்மையின் மூக்கு நுனி லேசாகச் சிதைந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துக் கத்துகிற மனிதர்.

சணலை அவர் வாய்க்கு நேரே நீட்டினேன். "நீங்க ஒரு தடவ கடிச்சிக் காட்டுங்க சார்."

"எனக்குப் பல்லு கூசும்மா" என்றார்.

பெட்டிகளைக் கட்டாமல் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டில் கத்திரிக்கோல் இருக்கிறது. நாளைக்கு எடுத்துப் போகப் போவதில்லை.

பல் கூச்சம் முதலாளிகளுக்கு மட்டும்தான் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.