அம்சா எடுத்த மழைச்சோறு

சுதந்திரம் வந்த வருஷம் கார்த்திகையிலேயே பனி இறங்கிவிட்டது. மழை பெய்திருக்க வேண்டிய மாதம் அது. கே.ஜி.கண்டிகையில் விடிந்து வெகுநேரம் வரை எதிர் வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரியாது. திருத்தணி மலை இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளைதான் நிற்கும். வெயில் ஏறினதும் வடக்கிலிருந்து காற்று கிளம்பும். பனியைக் கலைக்கிற காற்று, மண்ணில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச ஈரத்தையும் வழித்துக்கொண்டு போய்விடும். பனி முந்தினால் மழை பின்வாங்கிவிட்டது என்று அர்த்தம். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வேதாசலம் மட்டும் தினமும் காலையில் பயிரில்லாத கழனிக்குப் போவான். வரப்பில் நின்று, மலை இருக்கிற திக்கைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிடுவான். பிறகு குனிந்து காய்ந்த புல்லைத் தடவி, ஈரமான கையோடு வீட்டுக்கு வருவான்.

"ஈரம் கீது அம்சா."

"மழையில ரொம்பாத ஏரி பனியிலயா பாவா ரொம்பப் போவுது?" என்பாள் அவன் மனைவி.

"உன் வாய்க்குத்தான் பயந்துகினு மேகம் வரமாட்டேங்குது" என்று சிரிப்பான்.

அம்சா கனகம்மாசத்திரத்துப் பெண். வேதாசலம் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயசில் பாவா என்று கூப்பிட்டுப் பழகியவள், தாலி கட்டின பிறகும் அப்படியே கூப்பிட்டாள். பிள்ளை இல்லை. வந்த வருஷம் மாமியார் போனாள், மூன்றாம் வருஷம் மாமனார் போனார். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒருத்தருக்கு ஒருத்தர்தான் துணை. நாலு பேர் கூடிய இடத்தில் அம்சா பேசமாட்டாள். பேசுவதெல்லாம் அவனிடம்தான். அவனும் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவான்.

இப்போது மாடு இல்லை. தீனி இல்லாமல் சாகிறதைப் பார்க்க முடியாமல், போன ஆவணியில் ஓட்டிக்கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தான். குதிரும் காலி. திருத்தணியில் சர்க்கார் அளந்து போடுகிற கன்ட்ரோல் அரிசி ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. வந்தாலும் பாதி கல்.

பக்கத்து வீட்டு வரலட்சுமி வீட்டில் கேழ்வரகு இருந்தது. கேட்டால் கொடுப்பாள். ஆனால் வேதாசலம் கேட்கவிடமாட்டான். அவன் களத்தில் நெல் தூற்றின காலத்தில் யார் வந்து நின்றாலும் முறத்தால் அள்ளிப் போட்டவன். வாங்குகிற கையாக இருக்க அவனுக்குத் தெரியவில்லை. "வயிறு சரியில்ல, நீ துன்னு" என்பான். "நான் அப்பவே துன்னுட்டேன்" என்பாள் அவள். இரண்டும் பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கொஞ்சம் கூழை நடுவில் வைத்துக்கொண்டு இப்படியே ஒரு மாதம் போயிற்று. அவன் கன்னம் ஒட்டி, குனிந்து நிமிர்ந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டான். அவனை எப்படியாவது சாப்பிட வைக்க வேண்டும், அதுவும் அவன் தலை குனியாமல். அம்சாவுக்கு இதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பெண்கள் கூடி மழைச்சோறு எடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஊர்ப் பெண்கள், நிலம் உள்ளவள் இல்லாதவள் என்ற வித்தியாசம் பாராமல், ஆளுக்கொரு சட்டியோடு வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்க வேண்டும். போடுகிற சோற்றில் உப்பு இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டிப் பிசைந்து, வறண்ட ஏரிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஊரை விட்டுப் போகிறோம் என்று மாரடித்து அழ வேண்டும். அந்த அழுகை பொறுக்காமல் வானம் இறங்கும். ஒரு பருக்கை கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்தச் சோறு வாசற்படி ஏறினால் பஞ்சமும் கூடவே ஏறிவிடும்.

பனி விலகாத காலையிலேயே புறப்பட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் கேலியும் சிரிப்பும்.

"கை காலு நல்லாத்தான கீது? பிச்சை எடுக்க வந்துட்டாளுங்க!" என்று ஒரு கிழவி உள்ளேயிருந்து அதட்டினாள்.

"உம் புருசன் சம்பாத்தியம் பூரா உன் ஒருத்தி வயித்துக்கா? போடு ஆத்தா!" என்று வரலட்சுமி திருப்பிக் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த வீட்டில் வசந்தி என்ற புது மருமகள் வாசலில் நின்றாள். "இன்னா அம்சாக்கா, கழனிக்காரி நீயே சட்டி தூக்கிக்கினு வந்துட்ட?" என்று விளையாட்டாகக் கேட்டாள். கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குது தாயே" என்றாள் அம்சா. அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அவள் சொன்னதும் வசந்தி சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே போய் இன்னொரு கரண்டி கொண்டுவந்து போட்டாள்.

ஏரிக்குள் எல்லாரும் தலைவிரித்து அழத் தொடங்கினபோது அம்சாவும் அழுதாள். கண்ணைத் திறந்துகொண்டே அழுதாள். பக்கத்தில் எவளும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், தன் பங்குச் சோற்றைப் பூவரச இலையில் அள்ளிச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டாள்.

வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து அதைச் சட்டியில் போட்டுச் சூடாக்கினாள். உப்பில்லாமல் அவனுக்கு இறங்காது. சாமி குற்றம் என்று தெரிந்தும் ஒரு சிட்டிகை போட்டாள்.

"வரலட்சுமி வூட்டுல அரைச்சிக் குடுத்தேன், கூலிக்குப் போட்டாங்க. எனக்கு ஆச்சி. நீ துன்னு பாவா."

கூலி என்றதும் உட்கார்ந்தான். முதல் கவளத்தை மென்றான். கேழ்வரகு, சாமை, சோளம், யார் வீட்டு அரிசிச் சோறோ நாலு பருக்கை. ஒரே அடுப்பில் இத்தனையும் வேகாது. மெல்லுவதை நிறுத்தினான்.

"இன்னிக்கு ஏரியில சோறு எடுத்தீங்களா?"

"ஆங்."

"நீயும் போனியா?"

"எல்லாரும்தான போனாங்க."

"அவங்க மழைக்குப் போனாங்க" என்றான் வேதாசலம்.

தட்டைத் தள்ளிவிடுவான் என்று நினைத்து அவள் சுவரோரம் நின்றாள். அவன் தள்ளவில்லை. பாதியை அவள் பக்கம் ஒதுக்கிவிட்டு, மீதியைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான்.

"உப்பு சரியா கீது" என்றான் எழுந்திருக்கும்போது.

மார்கழி பிறந்தும் ஒரு தூறல் இல்லை. காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு வந்தது. கிணற்றடியில் வரலட்சுமி, "எவளோ ஒருத்தி தப்பு பண்ணியிருக்கா. இல்லாட்டி நாலு சொட்டாவது வுழுந்திருக்கும்" என்றாள். அம்சா குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து அழுதாள்.

"நாந்தான் பாவா. நாந்தான் மழைய வெரட்டிட்டேன்."

"ஒரு சிட்டிகை உப்புக்கா மேகம் பயந்துகினு ஓடும்? பைத்தியம்" என்று அவள் தலையைத் தடவினான். பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பட்டணத்துல துறைமுகத்துல மூட்டை தூக்க ஆள் எடுக்கறாங்களாம். ஆடி வரைக்கும்தான். மழை வுழுந்தா வந்துடுவேன்" என்றான்.

பனி நன்றாக மூடியிருந்த ஒரு காலையில் கிளம்பினான். யாரும் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டுவிடக் கூடாது என்றுதான் அந்த நாள். தெருவில் பத்தடி போனதும் ஆள் மறைந்துவிட்டான். செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. புறப்பட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போன காரியம் விளங்காது. அம்சா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

மாசியில் பொதட்டூர்பேட்டை நெசவுக்காரன் வீரபத்திரன் தேடிக்கொண்டு வந்தான். பட்டணத்துக்கு லுங்கி மூட்டை கொண்டுபோகிறவன். அம்சா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒடம்புல சத்து இல்ல தாயி. காச்சல் வந்து மூணாம் நாளே... கூட வேலை செய்றவங்களே எடுத்துப் போட்டுட்டாங்க."

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலை ஏறிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நின்று நின்று மூன்று நாள் பெய்தது. வரலட்சுமி நனைந்துகொண்டே ஓடிவந்து அம்சாவின் வெறும் கையைப் பிடித்தாள். "நம்ம அழுதது இப்பத்தான் காதுல வுழுந்திருக்குதுடி!" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்து, தானே அழுதாள். அம்சா அழவில்லை. ஒரு சிட்டிகை உப்புக்கு மேகம் பயப்படவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வரலட்சுமியின் தம்பி கங்காதரன் ஏரும் மாடுமாக வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஈரம் காயறதுக்குள்ள உன் கழனிய ஓட்டிக் குடுத்துடறேன். இன்னா போடலாம், கேவுறா, வேர்க்கடலையா?"

அம்சா மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "இரு கங்காதரா, பாவாவக் கேட்டுச் சொல்றேன்" என்று உள்ளே திரும்பினாள். நடை வரைக்கும் போய்விட்டாள்.

கங்காதரன் குனிந்து, நன்றாக இருந்த நுகத்தடிக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தான்.