இந்துப்பு

உப்பளத்து ஊருக்கே உப்பை இறக்குமதி செய்யக் கிளம்பிய ஆள் என் வீட்டுக்காரர். துபாயில் ஒரு கடையில் வேலை. பாகிஸ்தான் மலையில் வெட்டியெடுக்கிற இந்துப்புக்கு நம்ம ஊரில் நல்ல கிராக்கி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். முதல் கண்டெய்னர் விற்றுவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவதாகப் பேச்சு. எனக்கு ஒரு கிளியரிங் ஆபீஸில் சுங்கத்துக்கு டாக்குமெண்ட் தயார் செய்யும் வேலை. அவர் சரக்கும் என் கைக்குத்தான் வரும். சந்தோஷத்தில் வீட்டுக்கு இரண்டாவது நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன்.

கண்டெய்னர் கடலில் இருந்தபோது தடை வந்தது. பாகிஸ்தான் சரக்கு எந்த நாட்டைச் சுற்றி வந்தாலும் உள்ளே விடக் கூடாது. அரசு தனியாக அனுமதி கொடுத்தால்தான் உண்டு.

போனில் அவர் அசரவில்லை. "ஏளா, பேரே இந்துப்பு. இந்தியா உப்புன்னு நெனச்சிட்டு விட்டுருவாங்க."

"அது சிந்து உப்புங்க. சிந்துதான் இந்துன்னு ஆயிருக்கு. எந்த ஊருதுன்னு பேரே காட்டிக் குடுக்கு."

சிரித்தார். அப்புறம் குரல் இறங்கியது. "அப்போ ஒரிஜின் துபாய்னு போட்டிரு. நீதான போடுத."

துபாயில் உப்பு மலை எங்கே இருக்கிறது? பிடிபட்டால் ஆபீஸ் லைசென்ஸே போய்விடும். முடியாது என்றேன். போனை வைத்துவிட்டார். எனக்கும் கோபம்தான். அவர் வந்து சேர வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் ஆசை. அது தெரியாத மனுஷனிடம் என்ன பேச?

அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம். பதில் வரும்வரை கண்டெய்னர் பெட்டி துறைமுக யார்டில் வெயிலில் கிடந்தது. வேறு வேலையாக அங்கே போனாலும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். உள்ளே இருப்பது அவர் நின்று ஏற்றி அனுப்பிய மூட்டைகள். ஒரு தடவை கதவில் கை வைத்தேன். சுட்டது.

கடைசியில் ஆபீஸ் முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டார். "அனுமதி கெடையாதாம்மா. வந்த எடத்துக்கே திருப்பி அனுப்பச் சொல்லுதாங்க."

அதற்கான டாக்குமெண்டையும் நானே தயார் செய்தேன்.

கப்பல் கிளம்பிய அன்று அவர் போன் செய்தார். "இன்னும் கொஞ்ச வருசம் இங்கனதான் கெடக்கணும் போல" என்றார். சரி என்றேன். துவைத்த துணிகளை மடித்து இரண்டாவது நாற்காலியில் அடுக்கினேன். வேறு எதற்கு அது?

உப்பை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பச் சட்டம் இருக்கிறது. அவரும் இந்த வீட்டிலிருந்துதான் போனார்.