அன்னமேரி அக்காளின் இரண்டு காதுகள்

சுங்கை பினாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் ஆளுக்கொரு வாய்தான். அன்னமேரி அக்காளின் காதைப் பற்றிப் பேச அது போதவில்லை.

அக்காளின் காதுகள் தோளைத் தொடும். சிறுவயதில் ஊரில் துளையிட்டு, கனமான குணுக்கு மாட்டி வளர்த்த காதுகள். தங்கப் பாம்படம் போட்டால் இரண்டு பக்கமும் ஆடும். ஊரில் அது அழகு. கப்பலில் வரும்போது அந்த அழகு எந்தக் கடலில் விழுந்ததோ, இங்கே பினாங்கில் இறங்கியதும் பட்டிக்காட்டுத்தனமாகிவிட்டது.

ஐரீன் டீச்சர் போன வருஷமே தன் காதை அறுத்துத் தைத்துக்கொண்டு சின்னக் கம்மலுக்கு மாறியவர். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில், "என்ன அன்னமேரி, இன்னும் ஊஞ்சலைக் கழட்டலியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அக்கா முக்காட்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அறுத்துடு லா," என்றார் அக்காளின் புருஷன் வேதநாயகம் அண்ணன். துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. "நாகரிகம்னு ஒண்ணு இருக்கில்ல?" அவருடைய நாகரிகம் பினாங்கு ரோட்டுக் கடையில் சைக்கிள் உருவத்தில் நின்றுகொண்டிருந்தது. காதே சின்னதாகிவிட்டால் பாம்படம் எதற்கு? விற்றால் சைக்கிள்.

அக்காளுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் பெர்னார்டிடம் போய்க் கேட்டார்.

"அறுத்தா அறுத்ததுதாம்மா. மொதல்ல காதை மடிச்சுத் துணியால கட்டிக்கிட்டு நாலு நாள் இரு. பிடிச்சிருந்தா வா."

கட்டிக்கொண்டார். நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அக்கா கண்ணாடியை விட்டு நகரவில்லை.

ராத்திரி வந்தது வினை. அக்காளின் கைக்குழந்தை செபாஸ்டியன் அம்மாவின் காதுத் துளையில் விரலை விட்டுக்கொண்டால்தான் தூங்குவான். காதைக் காணாமல் வீறிட்டான். வரிசை வீடு மொத்தமும் எழுந்துவிட்டது.

"அப்பா காதைப் பிடிடா ராசா," என்று வேதநாயகம் அண்ணன் பக்கத்தில் படுத்தார். அவர் காது பிஸ்கட்டு அளவு. பயல் தடவினான், திருகினான், துளை கிடைக்காத கோபத்தில் கடித்தான்.

நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். "அண்ணே, டிரெஸ்ஸர் காதை நீட்டியும் விடுவாரான்னு கேட்டுட்டு வரவா?"

"போடா அங்கிட்டு! அன்னம், அந்தக் கட்டை அவுத்துத் தொலை!"

"அப்ப நாகரிகம்?"

"மொதல்ல பய தூங்கட்டும்!"

அக்கா அவிழ்த்தார். பயல் விரலை விட்டான், தூங்கினான்.

"இவன் பிடியை விடட்டும். அப்புறமும் எனக்குத் தோணுனா அறுத்துக்கிறேன்," என்றார் அக்கா, மெல்ல. "பாம்படம் அப்பவும் எனக்குத்தான்."

அண்ணன் சிவந்த காதைத் தடவிக்கொண்டார். சைக்கிள் கடையிலேயே நின்றது.

அடுத்த ஞாயிறு, செபாஸ்டியனின் விரலுக்காகப் பாம்படத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி, வெறுங்காதோடு அக்கா கோயிலுக்கு வந்தார். பிரசங்கத்தின் நடுவே ஐரீன் டீச்சரின் குழந்தை வீறிட்டது. சாமியார் நிறுத்திவிட்டு முறைத்தார். டீச்சர் ஆட்டினார், தட்டினார், பலிக்கவில்லை. அக்கா கையை நீட்டினார்.

ஒரு மடியில் இரண்டு குழந்தைகள், ஆளுக்கொரு காது. டீச்சரின் கை தன் கம்மலைத் தடவிப் பார்த்தது.

சாமியார் அன்று பிரசங்கத்தை நீட்டிவிட்டார். குழந்தைகள் இரண்டும் விழிக்கவில்லை. வேதநாயகம் அண்ணனும்தான்.