தாவாத விளக்கு

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். வானத்தின் தூரத்தைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அப்போது ஏழு வயது. திருவொற்றியூரில் கடலை ஒட்டி எங்கள் வீடு. விடியுமுன் கட்டுமரத்தில் போன அப்பா மதியமே திரும்பியிருக்க வேண்டும். திடீரென்று காற்று மாறிவிட்டது. மற்ற மரங்கள் எல்லாம் கரையேறிவிட்டன. இருட்டத் தொடங்கியும் அப்பாவைக் காணோம்.

கல் கொட்டிய கரையில் அம்மாவோடு நானும் அக்காவும் நின்றோம். துறைமுகத்துக்குள் நுழைய முறை வராமல் தொலைவில் ஒரு கப்பல் நின்றிருந்தது. அதன் விளக்குக்குப் பக்கத்தில், நீர்மட்டத்தில், பொட்டுப்போல இன்னொரு வெளிச்சம். அப்பாவின் அரிக்கேன் விளக்கா, கீழ்வானத்து நட்சத்திரமா என்று தெரியவில்லை.

அக்கா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் பள்ளியில் கற்ற வித்தையைக் காட்டியிருந்தாள். "கட்டவெரல நீட்டி, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருடி. தாவுச்சின்னா கிட்ட கீது."

பார்த்தேன். விரல் தாவியது. கரையில் கிடந்த கட்டுமரத்தின் முனைகூடக் கொஞ்சம் தாவியது. அந்த வெளிச்சம் தாவவே இல்லை.

"நட்சத்திரம் தாவுமாக்கா?"

"அதுக்கு உன் கண்ணு பத்தாதுடி. பூமி சூரியன சுத்திகினு போவுதில்ல, இந்தாண்ட ஒரு வாட்டி, அந்தாண்ட ஒரு வாட்டி பாத்தாலும் முக்காவாசி நட்சத்திரம் அசையாதாம். அவ்ளோ தூரம்."

அப்பா அவ்வளவு தூரம் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

அம்மா அக்காவை விரட்டினாள். "வடக்கால கல்லாண்ட அத்த நிக்கிறா. வௌக்கு கப்பலுக்கு எந்தப் பக்கம் தெரியுதுன்னு கேட்டுகினு வா. ஓடு!"

அக்கா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "அத்தைக்கு வலப்பக்கம் தெரியுதாம்மா!"

"எனுக்கு எடப்பக்கம் கீது," என்ற அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள்.

நானும் கத்தி அழுதேன். ஒரே விளக்கு. ஒருத்திக்கு இடம், ஒருத்திக்கு வலம். பெரியவர்களுக்கே அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, இனி அப்பா வரமாட்டார் என்று எனக்குப் பட்டது.

அப்பா வந்தார். அம்மா அழுதது பயத்தில் அல்ல. கப்பலுக்கு இந்தப் பக்கம், கரைக்குக் கிட்டே இருக்கும் விளக்குதான் வடக்கே நிற்பவளுக்கு வலப்பக்கம் தள்ளித் தெரியும். நட்சத்திரமாக இருந்தால் அவளுக்கு இன்னும் இடப்பக்கம்தான் தள்ளிப் போயிருக்கும். அது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. அன்று நனைந்து நடுங்கிய அப்பாவின் முகத்தை ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாகத் தாவியது.

மறுநாளும் காற்று அடங்கவில்லை. யாரும் கடலுக்குப் போகவில்லை.