மார்கழிக் குளிரில் அப்பாவுக்கு வேர்த்தது

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்ததால், அப்பாவையும் அம்மாவையும் மலைக்கு அழைத்து வந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி, தன் தங்கையின் பிரசவத்துக்காகச் சங்கராபுரம் போய்விட்டாள். அடுப்படி என் கைக்கு வந்தது. அதுவரை நான் செய்திருந்த ஒரே சமையல் வெந்நீர். அதிலும் ஒருமுறை பாத்திரம் கருகியிருக்கிறது.

அம்மா சமைக்கிறேன் என்றுதான் சொன்னாள். முட்டிவலிக்காரியை அந்தக் குளிரில் நிற்க வைக்க மனம் வரவில்லை. செல்போனில் வயதானவர்களுக்கான சூப் வீடியோக்களாகத் தேடிப் பார்த்தேன். பத்து வீடியோ முடிந்ததும் பாதி டாக்டர் ஆகிவிட்டேன். குளிரில் பெரியவர்களுக்குச் செரிமானம் மந்தம், எனவே காலையும் இரவும் சூப், மதியம் மட்டும் ஒரு கரண்டி சோறு என்று நானே சட்டம் போட்டேன்.

முதல் நாள் கேரட், பீன்ஸ். அடுத்த நாள் முருங்கைக்கீரை. மூன்றாம் நாள் அம்மாவின் முட்டிக்காக, மலையில் கிடைக்கும் முடவாட்டுக்கால் கிழங்கு. பார்க்க அழகாக இருக்கவேண்டுமே என்று எல்லாவற்றையும் வடிகட்டி, சக்கையைக் குப்பையில் கொட்டினேன். சத்து எங்கே போயிருக்கும் என்று கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவில்லை. இருவரும் தம்ளரைக் காலி செய்துவிட்டு, “நல்லாகீதுடா” என்பார்கள். நான் காலித் தம்ளரைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு மிளகு தூக்கலாகக் கொள்ளு சூப் கொடுத்து, வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் கொடுத்தேன். வாசலில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து மணி இருக்கும். குரங்குக் குல்லாய்க்குக் கீழே அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. ஊரே கம்பளிக்குள் நடுங்குகிறது, எங்கப்பாவுக்கு வேர்க்கிறது! என் சூப் வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையோடுதான், சாமை புடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் வயதுதான் அவருக்கு. முறத்தோடு வந்தவர் அப்பாவின் கையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. விரல்கள் நடுங்கின. அப்பா என்னைப் பார்த்து, “அந்த மாட்டப் புடிச்சுக் கட்டுடா” என்று குழறினார். அங்கே மாடே இல்லை.

“வாத்தியாரே, காலைல ஐயா இன்னா சாப்டாரு?”

“சூப்புக்கா. கொள்ளு சூப்பு.”

“அது குடிச்சது. சாப்டது இன்னா?”

அக்கா உள்ளே ஓடி, ஒரு தம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன். “அக்கா, அவருக்குச் சக்கர வியாதி. சக்கர ஆகாது!”

“தள்ளு வாத்தியாரே! எங்க மாமனாருக்கும் இப்டித்தான் ஆச்சு. சக்கர எறங்கிப்போச்சுன்னா இதத்தான் குடுக்கணும்னு நர்ஸம்மா சொல்லிக்கீறாங்க.”

அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வாய் வாயாகக் குடிக்க வைத்தார். என் கைதான் அதைத் தட்டிவிட இருந்தது. கால் மணி நேரம் போல ஆனது. நடுக்கம் நின்று, அப்பா என்னை அடையாளம் தெரிந்து பார்த்தார். பிறகு ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் சூப்பைக் குடித்தால் இப்படித்தான் ஆகும், வேளைக்குச் சாப்பாடு கட்டாயம் என்று டாக்டர் சொன்னார். “டயட் யார் எழுதிக் கொடுத்தது?” என்று கேட்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வீடு திரும்பியதும் அம்மா மெதுவாகச் சொன்னாள்: “மூணு நாளா பசியில பொரண்டு பொரண்டு படுத்துக்கினு இருந்தாருடா.”

“ஏம்மா சொல்லல?”

“கரண்டியே புடிக்காத புள்ள ஆக்கிக் குடுக்குது. எப்டிடா சொல்றது?”

அப்பாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு, “சூப்பு நல்லாத்தான் இருந்துச்சு. பின்னாடியே சோறு வரும்னு பாத்துக்கினு இருந்தேன்” என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு படி சாமையோடு வந்து நின்றார். “சக்கைய வடிக்காத, மசிச்சு வுடு. ஒரு பிடி சாமையும் போட்டுக் கொதிக்க வை. இதுக்கும் மேல சோறு தனி. இன்னா, வெளங்குச்சா?” என்று என் பள்ளிக்கூடத்துக் குரலிலேயே கேட்டார். விளங்கிவிட்டது.

இப்போதும் குளிர் வந்தால் அப்பா அம்மாவுக்கு நான்தான் சூப் வைக்கிறேன். ஆனால் முதலில் உலை வைத்துவிட்டுத்தான் சூப் பாத்திரத்தை எடுப்பேன். தம்ளரை நீட்டும்போதே, “சோறு ஆயிடுச்சுப்பா” என்று சொல்லிவிடுவேன். பெற்றவர்கள் நம்மிடம் “நல்லா இருக்கு” என்று சொன்னால் அது நம் மனசு நிறைவதற்காகச் சொல்வது, அவர்கள் வயிறு நிறைந்ததா என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதை, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்த நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.